சந்தனம் காய்ந்த விசை

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஒரு மாதமும் சில நாட்களும் ஆகியிருந்தன. மலாக்கா ஆற்றோரத்தில் இருந்த அந்தப் படகுப் பட்டறையில் அதனால் மாறியவை இரண்டே இரண்டு: வாசலில் பறந்த கொடி, அலுவலக நாற்காலியில் உட்கார்ந்த ஆள். துருவுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை போலும். வெள்ளைக்காரன் காலத்தில் இரும்பைத் தின்ற அதே வேகத்தில் அது தின்றுகொண்டிருந்தது.

பழைய துவான், அந்த வெள்ளைக்காரத் துரை, ஆயுத பூஜை அன்று காலையிலேயே எங்காவது போய்விடுவார். திரும்பி வரும்போது மேசைமேல் பொரியும் சுண்டலும் இருக்கும். அதோடு விஷயம் முடிந்தது. புதிய மானேஜர் அப்படியில்லை. பூஜைக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று கேட்டார். இப்படி ஒரு கேள்வியை, வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் மாணிக்கவாசகம் தம் இருபத்திரண்டு வருஷச் சேவையில் கேட்டதில்லை. ஆகவே அந்த வருடம் பூஜையைக் கொஞ்சம் பெரிதாகவே செய்துவிடுவதென்று தீர்மானித்தார்.

பலகைமேல் சிவப்புத் துணி விரித்தார்கள். உளிகள், கொத்துச் சுத்தியல்கள், கம்பி பிரஷ்கள், ரம்பங்கள் எல்லாம் குளித்துவிட்டு வரிசையில் வந்து படுத்தன. நடுவில், மற்றவற்றைவிட ஒரு சாண் உயரத்தில், ஊசித் துப்பாக்கி.

துப்பாக்கி என்று பேர்தானே தவிர அது யாரையும் சுட்டதில்லை. முழங்கை நீளத்தில் ஒரு இரும்புக் குழல். பின்னால் கைப்பிடி, கைப்பிடியில் விரலால் அழுத்துகிற விசை. முன்னால், துடைப்பக்கட்டு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் பத்தொன்பது எஃகு ஊசிகள். கம்ப்ரஸரிலிருந்து ரப்பர்க் குழாய் வழியாகக் காற்று வந்து உள்ளே ஒரு சுத்தியலை அடிக்கும். சுத்தியல் ஊசிகளை அடிக்கும். ஊசிகள் துருவை அடிக்கும். ஒவ்வொரு ஊசியும் தன் பாட்டுக்குப் போய்வருவதால் மேடு, பள்ளம், ஆணித்தலையின் இடுக்கு எதுவும் அதனிடமிருந்து தப்பாது. நாலு பேர் நாள் முழுக்கக் கொத்துவதை அரை நாளில் முடித்துவிடும். அந்த நாலு பேரும் அதை ஏன் வணங்கினார்கள் என்பது யோசிக்க வேண்டிய விஷயம்.

அதை ஓட்டுகிறவன் தம்பிராஜா. வயது இருபத்தொன்பது. பலமோ படிப்போ பார்த்து அவனை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. சலிக்காமல் கழுவுவான் என்பதற்காகத்தான் அவனுக்குக் கிடைத்தது. மாலையில் வேலை முடிந்ததும் முதலில் காற்று வால்வை மூடச் சொல்வான். பிறகு விசையை ஒரு தடவை அழுத்திக் குழாயில் மிச்சமிருக்கிற காற்றை வெளியே விடுவான். அதற்கப்புறம்தான் குழாயைக் கழற்றுவான். காற்று உள்ளே இருக்கும்போது கழற்றினால் குழாய் சாட்டை மாதிரி வீசி ஆளின் பல்லை எடுத்துவிடும். மூக்கைத் திருகி, ஊசிகளை உருவி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுத் துடைத்து, வளைந்தது இருந்தால் எடுத்து வைத்துவிட்டு மறுபடி கோப்பான். காலையில் காற்று நுழைகிற வாயில் நாலு சொட்டு மெஷின் எண்ணெய். இதையெல்லாம் அவனுக்குக் கற்றுக்கொடுத்தவர் கம்ப்ரஸர் பார்க்கும் ஷரீஃபுதீன் பாய். பாய்க்குக் கற்றுக்கொடுத்தது மெஷினோடு வந்த காகிதம். காகிதத்தில் முதல் வரி, விசையை விட்டதும் மெஷின் நிற்கிறதா என்று தினமும் பார் என்பது.

மண்டோர் சந்தனத்தில் கஞ்சத்தனம் பண்ணவில்லை. உளிக்கு ஒரு பொட்டு என்றால் ஊசித் துப்பாக்கிக்கு ஐந்து. மூக்கில் ஒன்று, முதுகில் இரண்டு, கைப்பிடியில் ஒன்று, விசையின்மேல் இரண்டு விரல் அகலத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். மறுநாள் விஜயதசமி காலையில் கற்பூரம் காட்டி, பழைய சந்தனத்தின்மேல் புதுச் சந்தனத்தை அப்பி, ஒவ்வொரு ஆயுதத்தையும் ஒரு தடவை தொட்டுத் தூக்கி வைத்தார்.

"ஆச்சு. எடுத்து வேலையை ஆரம்பிங்கப்பா. நல்ல நாள்."

தம்பிராஜா துப்பாக்கியை எடுத்தான். விசையின் ஓரத்தில் முந்தின நாள் சந்தனம் சுண்ணாம்பு மாதிரி இறுகியிருந்தது. புதுச் சந்தனம் ஈரமாக இடுக்குக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இடுப்பில் செருகியிருந்த துடைப்புத் துணியை உருவினான்.

"என்னடா பண்ற?" என்றார் மண்டோர்.

"துடைக்கப் போறேங்க ஐயா. விசைக்குள்ள போயிருக்கு."

"வியாழக்கிழமை, விஜயதசமியும் அதுவுமா, வச்ச பொட்டை அழிப்பியா? உன் வீட்டுப் பொம்பள நெத்தியா இருந்தா துணியை எடுத்துட்டு வருவியா?"

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலைங்க."

"இந்தப் புத்தியோட இருந்தா ஆகவும் ஆகாது. சுத்தியல்ல வச்சதை யாராச்சும் துடைச்சாங்களா பாரு. வேலை செய்யச் செய்யத் தானா போயிடும்."

அது உண்மைதான். சுத்தியலில் வைத்த சந்தனம் பத்து அடியில் உதிர்ந்துவிடும். உளியில் வைத்தது உள்ளங்கை வேர்வையில் கரைந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக அப்படித்தான் நடந்துவந்திருக்கிறது. சுத்தியலுக்கு உள்ளே என்று ஒரு இடம் கிடையாது என்பதும், ஊசித் துப்பாக்கிக்கு உண்டு என்பதும் அந்த நல்ல நாளில் யாருக்கும் பெரிய வித்தியாசமாகத் தெரியவில்லை.

தம்பிராஜா கம்ப்ரஸர் பக்கம் போய்க் குரலைத் தாழ்த்தினான். "பாய், நீங்க கொஞ்சம் துடைச்சுக் குடுங்களேன். நீங்க துடைச்சா ஒண்ணும் சொல்ல மாட்டார்."

ஷரீஃபுதீன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நல்லா இருக்கு தம்பி உன் யோசனை. நீ துடைச்சா அவர் திட்டுவார், அதோட போச்சு. நான் துடைச்சா? சாயங்காலம் பாசார்க் கடைத்தெரு வரைக்கும் சேதி போயிடும், சாயபு சாமி பொட்டை அழிச்சான்னு. உங்க சாமிக்கு உள்ள மரியாதையை நான் குறைக்க மாட்டேம்பா."

"சாமிக்கு இல்ல பாய், விசைக்கு."

"இன்னிக்கி ரெண்டும் ஒண்ணுதான். ஓட்டிப் பாரு, சரியா இருந்தா போலே லா, நடத்து."

குழாயை மாட்டி ஓட்டிப் பார்த்தான். அழுத்தினான், ஓடியது. விட்டான். விசை உடனே துள்ளி வரவில்லை. படுத்திருந்தவன் எழுந்து வருகிற மாதிரி மெதுவாக வந்தது. மெஷின் நின்றது. பக்கத்தில், அவனோடு வேலைக்கு இறங்கும் மருதமுத்து அண்ணன் விளக்கோடு காத்துக்கொண்டிருந்தார். மண்டோர் தேங்காய் உடைத்த இடத்தைக் கூட்டச் சொல்லிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை கடல் ஏற்றத்தில் பெரிய தண்ணீர் வரும்போது, பழுதுபார்க்கக் கரையேற்றியிருந்த இரும்புத் தோணி ஆற்றில் இறங்கியாக வேண்டும்.

எப்படியும் விசை திரும்பி வந்ததே, என்று தம்பிராஜா நினைத்துக்கொண்டான்.

தோணியின் மூக்குப் பக்கத்தில் குடிதண்ணீர்த் தொட்டி. ஆள் நுழைகிற ஓட்டை ஒன்று, உள்ளே இரண்டு பேர் முட்டி மடக்கி உட்காருகிற இடம். தம்பிராஜா கண்ணாடி போட்டு, காதில் பஞ்சு அடைத்து, கையுறை மாட்டிக்கொண்டு முதலில் இறங்கினான். மருதமுத்து பின்னாலேயே இறங்கி, விளக்கைப் பிடித்துக்கொண்டு, உதிர்கிற துருவை வாளியில் அள்ளினார். அவருக்கு நாற்பத்தாறு வயது. ஊசித் துப்பாக்கி வருவதற்கு முன்னால் கொத்துச் சுத்தியலில் பட்டறையிலேயே வேகமான கை அவருடையது. இப்போது வாளி. அதைப் பற்றி ஒரு நாளும் குறை சொன்னதில்லை; மெஷினின் சத்தத்தைப் பற்றித்தான் சொல்வார்.

"என் மாமியார் இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசும். ஆனா அது நடுவுல மூச்சு விடும்."

ஊசிகளுக்கு எதிரே யாரும் இருக்கக் கூடாது என்பதும் காகிதத்தில் இருந்த வரிதான். தொட்டி அந்தக் காகிதத்தைப் படித்ததில்லை. எதிரே இல்லாமல் பக்கவாட்டில் உட்கார்ந்தால்கூட இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம்தான்.

பத்து மணி இருக்கும். ஒரு ஆணித்தலையைச் சுற்றி வந்து முடித்ததும் தம்பிராஜா விரலை எடுத்தான். மெஷின் நிற்கவில்லை.

விரல் விசைமேல் இல்லை என்பதை அவனே ஒரு தடவை பார்த்துக்கொண்டான். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்து, ஊசி முனையைத் தகட்டிலேயே அழுத்தி வைத்துக்கொண்டு, மேலே காற்றை மூடச் சொல்லிக் கத்தியிருக்க வேண்டும். அது அவனுக்குத் தெரியும். பாய் அவனிடம் அதைக் கேட்டுத் திரும்பச் சொல்லவும் வைத்திருக்கிறார். ஆனால் கை யோசிக்கவில்லை. இடது கையை முன்பிடியிலிருந்து எடுத்து, விசையை நகத்தால் நெம்பப் போனான். ஒற்றைக் கையில் நின்ற துப்பாக்கி தகட்டை உதைத்துக்கொண்டு வலப்பக்கம் திரும்பியது. மருதமுத்து முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள இடது கையைத் தூக்கினார்.

ஊசிகள் அந்தப் புறங்கையில் இறங்கின. இரண்டு விநாடி, மூன்று விநாடி. தம்பிராஜா துப்பாக்கியை இழுத்துத் துருக் குவியலுக்குள் குத்தி அதன்மேல் படுத்துக்கொண்டான். அவன் போட்ட கூச்சல் அவனுக்கே கேட்கவில்லை. வெளியே குழாய் கன்னாபின்னாவென்று துள்ளுவதைப் பார்த்துத்தான் ஷரீஃபுதீன் வால்வை மூடினார்.

அமைதியானதும் முதலில் பேசியவர் மருதமுத்துதான். "விளக்கு உடையலையே?" என்றார்.

இரத்தம் அதிகமில்லை. புறங்கையில், சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் கீழே, புதிதாகக் கொத்திய அம்மி மாதிரி பொடிப்பொடியாக ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் துரு நின்றது.

மேலே தூக்கி உட்காரவைத்ததும் மண்டோர் தம் துண்டையே கிழித்துக் கட்டினார். கட்டி முடித்துவிட்டு அலுவலகக் கதவைப் பார்த்தார், அது மூடியிருந்தது.

"கல்லுல வழுக்கி விழுந்தான். சரியா?" என்றார்.

தம்பிராஜா அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"நான் எனக்காகச் சொல்லல. பூஜை எத்தனை மணி நேரம்னு கேட்ட ஆளு அவன். சந்தனத்தால விசை ஒட்டிக்கிச்சுன்னு எழுதினா, அடுத்த வருஷம் இந்தக் கேட்டுக்குள்ள ஒரு சூடத்தைக் கொளுத்த விடுவானா? மெஷினையும் சிங்கப்பூருக்குத் திருப்பி அனுப்பிருவான். மெஷினை ஓட்டுற இவன் வேலையும் போகும்."

தம்பிராஜா வாயைத் திறந்தான். அதற்குள் மருதமுத்து முந்திக்கொண்டார். "விழுந்தேன்னே சொல்றேங்க. நல்ல நாள்ல சாமி பேருக்குக் கெட்ட பேரு எதுக்கு. சின்னக் காயந்தானே."

காயம் பட்டவரே சொன்ன பிறகு அதற்குமேல் பேச என்ன இருக்கிறது என்று ஆகிவிட்டது. பெச்சா ரிக்ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸர் என்ன ஆயிற்று என்று கேட்டார். படகுத் துறைக் கல்லில் விழுந்ததாக மருதமுத்து சொன்னார். பக்கத்தில் நின்ற தம்பிராஜா சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். கல் சிராய்ப்புக்கு என்ன செய்ய வேண்டுமோ அதை டிரெஸர் குறைவில்லாமல் செய்தார். கழுவி, அயோடின் போட்டு, வெள்ளைக் கட்டுக் கட்டி, வலித்தால் வரச் சொல்லி அனுப்பினார்.

தம்பிராஜாவுக்கு ராத்திரிச் சாப்பாடு எப்போதும் மருதமுத்து வீட்டில்தான். கஜா பெராங் வட்டாரத்தில் ஒரே வரிசை வீடுகளில் நாலு கதவு தள்ளி அவன் அறை. அன்றைக்கும் இலை போட்டிருந்தார்கள். மருதமுத்துவின் மனைவி கமலவேணி சோற்றைப் போட்டுக்கொண்டே புருஷன் கையைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணு புரியல. விழுந்தா கையை ஊணுவோம். உள்ளங்கையிலதானே படணும்? இவருக்கு எப்படிப் புறங்கையில பட்டிச்சு?"

"விழறப்போ திருப்பி வச்சேன்" என்றார் மருதமுத்து.

"எதுக்கு?"

"உள்ளங்கையில ரேகை அழிஞ்சிடுமேன்னுதான்."

அவள் சிரிக்கவில்லை. தம்பிராஜா பக்கம் திரும்பினாள். "நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க தம்பி?"

"ஆமாங்க அண்ணி" என்றான். இலையில் சோறு அப்படியே இருந்தது. ரசம் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றான்.

வெள்ளிக்கிழமை காய்ச்சல் வந்தது. கட்டுக்கு மேலே முழங்கை வரை வீங்கியது. வெயில் சூடு என்றார் மருதமுத்து. தம்பிராஜா அன்று கொத்துச் சுத்தியலால் தொட்டியைச் சுரண்டினான். ஊசித் துப்பாக்கியை ஷரீஃபுதீன் கழுவாமலே சாமான் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார். அதை யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் கமலவேணி அவன் கதவைத் தட்டினாள். ஈரத் துணியால் கையைத் துடைக்கப் போயிருக்கிறாள். தோலை லேசாக அழுத்தியதும் உள்ளே ஏதோ நொறுங்கியது.

"அப்பளத்தைத் துணிக்குள்ள வச்சு அழுத்தின மாதிரி இருக்கு தம்பி. வாடையும் வருது. நாலு வீட்டுத் துணி துவைக்கிறேன், எத்தனையோ அழுக்கைப் பார்த்திருக்கேன், இப்படி ஒரு வாடை பார்த்ததில்ல. விழுந்த கை இப்படி ஆகுமா?"

தம்பிராஜா போய்ப் பார்த்தான். மருதமுத்து கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முனகினார். கட்டின் ஓரத்தில் தோல் கருநீலமாகப் பளபளத்தது.

"அண்ணி, பெச்சாவுல ஏத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் பின்னாலயே வர்றேன்."

"நீங்க எங்க போறீங்க?"

"பட்டறைக்கு. ஒரு சாமான் எடுக்கணும்."

குபு ரோட்டில் சைக்கிளை அவ்வளவு வேகமாக அவன் ஒருநாளும் மிதித்ததில்லை. வெறுங்கையோடு போய் வாயால் சொல்வதென்றால் அவனுக்கு அவன்மேலேயே நம்பிக்கை இல்லை. நடுவில் மண்டோர் முகம் ஞாபகம் வரும். நாக்கு பாதியில் திரும்பிவிடும். மருதமுத்துவும் காய்ச்சலிலேகூடக் கல்லில் விழுந்ததாகத்தான் சொல்வார், சொன்ன வாக்கை மாற்றுகிற ஆள் இல்லை. ஊசித் துப்பாக்கி மேசைமேல் வந்து உட்கார்ந்துவிட்டால் அப்புறம் யாரும் எதையும் மாற்றிச் சொல்ல முடியாது.

தண்ணீர் ஏறுகிற நேரமாதலால் பட்டறையில் எல்லோரும் வந்திருந்தார்கள். ஷரீஃபுதீன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். "கை எப்படி?"

"உள்ள நொறுங்குது பாய்."

அவர் அறையைத் திறந்தார். துப்பாக்கியைத் தாமே எடுத்து, ஒரு சாக்கில் சுற்றிக் கொடுத்தார். "யாராச்சும் கேட்டா நான் குடுத்தேன்னு சொல்லு."

வாசலில் மண்டோர் நின்றார். சாக்கைப் பார்த்தார். உள்ளே இருப்பது இன்னதென்று தெரிந்துகொள்ள அவருக்கு அதைப் பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

"எங்கடா?"

"ஆஸ்பத்திரிக்கு."

"மெஷினுக்கா காய்ச்சல்?"

"அண்ணனுக்குங்க. கை அழுகுது. எதால பட்டிச்சுன்னு தெரியாம டாக்டர் எதை வச்சுப் பார்ப்பார்?"

மண்டோரின் முகம் ஒரு கணம் வெறுமையானது. ஆனாலும் வழியை விடவில்லை. "சாமியைக் காட்டிக் குடுக்கப் போற."

"சாமியைப் பத்தி டாக்டர் கேட்க மாட்டாருங்க ஐயா. ஊசி எவ்வளவு நீளம்னுதான் கேட்பார்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் தோளை உரசியபடி வெளியே போனான். பின்னாலிருந்து அவர் கூப்பிடவில்லை.

அன்று ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், நரைத்த தலை, அவசரமே இல்லாத குரல். கட்டை அவிழ்த்துவிட்டு, முந்தாநாள் டிரெஸர் எழுதிவைத்த சீட்டை வாசித்துக்கொண்டிருந்தார். பெஞ்சில் கமலவேணி. கட்டிலில் மருதமுத்து.

"கல்லிலை விழுந்ததெண்டு எழுதியிருக்கு" என்றார் டாக்டர். "எந்தக் கல்லிலை பத்தொன்பது முள்ளு இருக்கு?" கையிலிருந்த ஓட்டைகளை எண்ணியிருக்கிறார்.

தம்பிராஜா சாக்கைப் பிரித்துத் துப்பாக்கியை மேசைமேல் வைத்தான். மூக்கிலும் முதுகிலும் சந்தனம், நடுவில் குங்குமம், எல்லாம் காய்ந்து வெடித்திருந்தன. ஆஸ்பத்திரி மேசையில் அது யாருடைய கல்யாணத்துக்கோ புறப்பட்டு வழிதவறி வந்த மாதிரி இருந்தது.

"கல்லு இல்லைங்க. இதுதான். நான்தான் ஓட்டினேன்."

கமலவேணி நிமிர்ந்து பார்த்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

டாக்டர் ஊசி முனைகளை விரலால் தொட்டுப் பார்த்தார். "எவ்வளவு ஆழம் போகும்?"

"தகட்டுல போகாதுங்க. சதையில தெரியாது. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்குல அடிக்கும். கைமேல மூணு விநாடி இருந்திருக்கும். உள்ள பழைய துரு இருந்திச்சு, தொட்டித் துரு."

"எலும்பு வரைக்கும் துருவை அடிச்சு இறக்கியிருக்கு" என்றார் டாக்டர், தமக்குத்தானே சொல்வதுபோல. "மேலை மூடிப்போச்சு, உள்ளுக்கை அழுகுது. இதை முந்தாநாளே கொண்டுவந்து காட்டியிருந்தா அண்டைக்கே திறந்து கழுவியிருப்பம்." நர்ஸிடம் ஆபரேஷன் அறையைத் தயார்செய்யச் சொன்னார். கமலவேணியிடம் மட்டும் கொஞ்சம் தணிந்து பேசினார். "கையை வச்சிருக்கப் பாக்கிறன் அம்மா. விரல் எல்லாத்தையும் எண்டு சொல்லேலாது. இன்னும் ஒரு நாள் போயிருந்தா முழங்கைக்கு மேலை எடுக்க வேண்டி வந்திருக்கும்."

உள்ளே கொண்டுபோனார்கள். நடையில் பெஞ்சின் ஒரு கோடியில் கமலவேணி. மறு கோடியில் தம்பிராஜா. சாக்கு அவன் காலடியில். நேரம் நகரவே இல்லை. கடைசியில் அவன்தான் ஆரம்பித்தான்.

"பூஜைச் சந்தனம் விசைக்குள்ள போயிருச்சுங்க அண்ணி. காலையில ஓட்டிப் பார்த்தேன். விசை மெதுவாத்தான் திரும்பி வந்திச்சு. அப்பவே கழற்றித் துடைச்சிருக்கணும். திட்டுவாங்கன்னு விட்டுட்டேன். அப்புறம் ஆஸ்பத்திரியிலயும் பேசாம நின்னேன். உங்க வீட்டுல உட்கார்ந்து, கேட்டப்பவும் சொல்லல."

"ரெண்டு நாளு" என்றாள். "ரெண்டு நாளா மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் போட்டுட்டு இருந்தேன். கல்லுக் காயம்னு."

"மன்னிச்சிருங்கன்னு கேட்க எனக்கு வாய் வரலை."

"எங்கிட்டக் கேட்டு என்ன பண்றது? கை என்னுதா? அவர் முழிச்சதும் அவர்கிட்ட சொல்லுங்க. நீங்களே சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

மத்தியானம் டாக்டர் வந்து சொன்னார். சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன, அவற்றுக்குக் கீழே கையில் ஒரு துண்டும். மீதி நிற்கும் என்று நினைக்கிறார். உயிருக்குப் பயமில்லை என்று நாளைக்குச் சொல்வார். இன்றைக்குச் சொல்ல மாட்டார்.

மறுநாள் அதைச் சொன்னார்.

அன்று சாயங்காலம் மண்டோர் மாணிக்கவாசகம் ஆரஞ்சுப் பழப் பையோடு வந்து வார்டு வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. தம்பிராஜா வெளியே போனபோது, பையை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "மானேஜர் வீட்டுக்குப் போய்ச் சொல்லிட்டேன். சந்தனம் வச்சது நான். துடைக்க வேண்டாம்னு சொன்னதும் நான். எழுதிக்கிட்டார்."

"என்ன சொன்னாருங்க?"

"உட்காரச் சொன்னார். வேற ஒண்ணும் சொல்லல." போகத் திரும்பினார். "அதுக்குப் பதிலா திட்டியிருக்கலாம்." போய்விட்டார்.

மருதமுத்து தெளிவாக விழித்தது திங்கட்கிழமைதான். கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் தூக்கி வைத்திருந்தார்கள். அதை ஒரு தடவை பார்த்தார், மறுபடி பார்க்கவில்லை. தோணி இறங்கியதா என்று கேட்டார். இறங்கியது என்றான் தம்பிராஜா. கமலவேணி கட்டிலின் மறுபக்கம் நின்று கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள்.

"அண்ணே" என்றான். "அன்னிக்கிக் காலையில விசை சரியா வரலை. மெதுவா வந்திச்சு. அதைப் பார்த்துட்டுத்தான் உள்ள இறங்கினேன். தெரியாம நடந்ததில்ல."

மருதமுத்து கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

"நானும் பார்த்தேன்" என்றார்.

தம்பிராஜாவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை.

"பக்கத்துலதானே நின்னேன். சிக்கிச் சிக்கி வந்திச்சு. இருபது வருஷம் இரும்பு பார்த்தவன், எனக்குத் தெரியாதா?"

"ஏண்ணே சொல்லல?"

"மெஷின் உன்னுது. உனக்குத் தெரியாதது எனக்கென்ன தெரியும்னு இருந்துட்டேன். நீ மண்டோர் சொன்னாருன்னு இருந்த." மூச்சு வாங்கினார். "பாய் என்ன நெனச்சுக்கிட்டு இருந்தாரோ."

கமலவேணி கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கட்டிலுக்கு அடியிலிருந்த முக்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள். அவன் உட்கார்ந்தான்.